சுவரக்கா மொழிபெயர்க்காத பதில்

இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறவர் யார் பக்கம் நிற்கிறார்?

யார் பக்கமும் இல்லை என்பதுதான் அந்தப் பெண்மணி வெகு காலமாகச் சொல்லிவந்த பதில். சொன்னதோடு நிற்காமல் அப்படியே வாழவும் முயன்றார். அப்படி ஒருவரால் வாழ முடியுமா என்பது வேறு விஷயம். தராசு முள்ளுக்குக்கூட எடையில்லாமல் இல்லை.

அவர் இலவச சட்ட உதவி அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். அந்த நகரத்தில் நீதிமன்றமும் காவல் நிலையமும் பேசிய மொழி வேறு. துணி ஆலைக்கும் கிடங்குகளுக்கும் வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழர்கள் கடைக்குப் போய்வரவும் பேருந்து பிடிக்கவும் போதுமான அளவு அந்த மொழியைக் கற்றிருந்தார்கள். அடி வாங்கியதைச் சொல்ல அது போதாது. அதற்கு அவர் வேண்டும்.

அலுவலகம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. வெயில் ஏற ஏறப் பசை வாசனை படியேறி வரும். கட்சிக்காரர்களோடு பேசும் அறையில் மேசை, மூன்று நாற்காலி, தண்ணீர் ஜாடி, அழுகிறவர்களுக்கென்று டிஷ்யூ பெட்டி. காலையில் வந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, தன் நாற்காலியைக் கட்சிக்காரரின் தோளுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துப் போடுவது. முகத்துக்கு நேரே உட்கார்ந்தால் எல்லோரும் வக்கீலை விட்டுவிட்டு, தமிழ் பேசுகிற முகத்தைப் பார்த்தே கதை சொல்வார்கள். பின்னால் உட்கார்ந்தால் அவர் வெறும் குரல். வெறும் குரலிடம் யாரும் இரக்கம் கேட்பதில்லை.

உட்கார்ந்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரே பேச்சைப் பேசுவார்.

"இந்த ரூம்ல நீங்க பேசறது எல்லாத்தையும் நான் வக்கீலம்மாகிட்ட சொல்லிடுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். 'இத மட்டும் சொல்லாதீங்க'ன்னு சொன்னீங்கன்னா, அப்படிச் சொன்னீங்கன்னும் சொல்லிடுவேன். வெளியில கேட்டத உள்ள சொல்ல மாட்டேன். உள்ள கேட்டத வெளியில சொல்ல மாட்டேன். நான் உங்க ஆளும் இல்ல, அவங்க ஆளும் இல்ல."

"அப்ப யாரோட ஆளும்மா நீங்க?" என்று ஒரு கிடங்குத் தொழிலாளி ஒருமுறை கேட்டார்.

"இந்த நாற்காலியோட ஆளு."

அந்தத் தொழிலாளிதான் பெயர் வைத்ததாகச் சொல்கிறார்கள். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்தச் சுவருக்கு ரெண்டு மொழிகூடத் தெரியும், வாய்தான் கிடையாது என்று அவர் டீக்கடையில் சொல்ல, சுவரக்கா என்பதே நிலைத்துவிட்டது. காய்கறிக் கடையில் பார்த்தாலும், ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் "என்ன சுவரக்கா" என்பார்கள். அவர் சிரித்துக்கொள்வார். பழக நிற்க மாட்டார்.

இது பிறவிக் குணமில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் அவர் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார், இன்னும் சொன்னால் கொஞ்சம் அதிகமாகவே உருகுகிறவர். அடைக்கலம் கேட்டு வந்த ஒரு தையல்காரர். ஊரில் தன்னைத் தேடி ஆட்கள் வந்த மாதம் எது என்று வக்கீல் கேட்டபோது அவருக்கு நினைவு வரவில்லை. திணறினார். மாதத்தை அதற்கு முந்தைய வாரம் அவரே வாசலில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். பாவம் என்று நினைத்து, அந்த மாதத்தை இவர் சேர்த்துச் சொல்லிவிட்டார். விசாரணையன்று தையல்காரர் வேறொரு மாதத்தைச் சொன்னார். எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று. நம்பத் தகுந்தவர் இல்லை என்று தீர்ப்பெழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்தில் அந்த ஆள், "அந்த மாசம்னு நான் சொல்லவே இல்லையேம்மா, யார் சொன்னாங்க?" என்று கேட்டாராம். கோபமாகக்கூட இல்லை, புரியாமல்.

அதன் பிறகுதான் சுவர் எழும்பியது. நேர்மை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. நல்ல மனதிலிருந்து அல்ல, நல்ல மனது செய்த சேதத்திலிருந்து.

அவருடைய கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வாய் ஓயாதவர். "ஊரான் வீட்டுச் சண்டையெல்லாம் வரி விடாம பேசிட்டு வர்றா. நம்ம வீட்டுச் சண்டைக்கு வாயத் தொறன்னா தொறக்க மாட்டேங்கறா. நான் ஒத்தையா எவ்வளவு நேரம்தான் சண்ட போடறது?" என்று மைத்துனரிடம் குறைப்பட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்துக்கு சுவரக்காவிடம் யாரும் பேசக் கூடாது. பிறருக்காக "என்னை அடித்தான்", "என்னைப் பூட்டி வைத்தான்" என்று பகலெல்லாம் சொல்லிவிட்டு வருகிறவருக்கு, தான் அடிபடாதவள் என்று உடம்புக்கு நம்ப வைக்கச் சற்று நேரம் தேவைப்பட்டது. துணி மடிப்பார். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடிப்பார்.

அந்த இளம்பெண் வந்தது மழைக்காலத்தில். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தாள். கணவன் வீட்டை விட்டு வெளியே வந்து, பெண்கள் காப்பகம் ஒன்றில் இருந்தாள். நாலு வயதுப் பெண் குழந்தை கணவன் வீட்டில். வெளியே வந்த அன்று குழந்தையைத் தூக்க விடவில்லை. குழந்தை வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. வீடு, நகை எதுவும் கேட்கவில்லை.

கதையைச் சொல்ல அவளுக்கு மூன்று சந்திப்புகள் ஆயின. கணவன் அடித்ததை மெல்லிய குரலில், தரையைப் பார்த்தபடி சொன்னாள். பின்னாலிருந்து அதே மெல்லிய குரலில் அது வேறு மொழியில் வக்கீலை அடைந்தது. வக்கீல் வயதான பெண்மணி, மூட்டுவலிக்காரர், இந்த வேலையில் முடி நரைத்தவர். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"முதலில் காவல் நிலையத்துக்குப் போனபோது வேறு மாதிரி சொல்லியிருக்கிறீர்களே. படியில் விழுந்தேன், வீட்டில் சின்ன மனத்தாங்கல், திரும்பிப் போக விரும்புகிறேன் என்று."

"நான் அப்படிச் சொல்லலக்கா." அவள் பின்னால் திரும்பப் பார்த்தாள். "அங்கப் பாத்துச் சொல்லுங்க" என்றார் சுவரக்கா.

அவள் முன்னால் திரும்பினாள். "அன்னிக்குத் தமிழ் தெரிஞ்சவங்க யாரும் ஸ்டேஷன்ல இல்ல. என் கொழுந்தன் கூட வந்திருந்தார். நான் சொல்றேன்னு அவர் சொன்னார். போலீஸும் சரின்னுட்டாங்க. நான் அழுது அழுது அவ்வளவு நேரம் பேசினேன். அவர் ரெண்டே வரி சொன்னார். அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா தெரிஞ்சத எந்த மொழியில சொல்றது?"

வக்கீல் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். பிறகு, "இதை அப்படியே நீதிபதியிடம் சொல்ல வேண்டும். இந்த ஒன்றில்தான் வழக்கு நிற்கிறது" என்றார். அவள் தலையசைத்தாள். சொல்கிறேன் என்றாள்.

அந்தக் கொழுந்தனைத் தமிழர்களில் அறியாதவர் கிடையாது. விண்ணப்பம் நிரப்பித் தருவது, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது, வீட்டுச் சொந்தக்காரனிடம் பேசுவது எல்லாம் அவன்தான். கை நீட்டிக் காசு வாங்க மாட்டான். ஆபத்துக்கு உதவுகிறவன் என்று பெயர். ஊமைகளின் ஊரில் ஒருவனுக்கு மட்டும் வாய் இருந்தால் அவன் என்ன ஆவான் என்று யாரும் யோசிப்பதில்லை.

விசாரணை நாளில் நீதிமன்றக் கட்டடத்தின் லிஃப்ட் நிறைய ஆட்கள். இளம்பெண் உள்ளே ஒரு மூலையில் இருந்தாள். வக்கீல் முன்பே மேலே போய்விட்டார். சுவரக்கா கட்சிக்காரர்களோடு சேர்ந்து ஏறுவதில்லை. அன்று பின்னால் வந்த கூட்டம் அவரை உள்ளே தள்ளிவிட்டது. கதவு மூடும் நேரத்தில் கொழுந்தன் நுழைந்தான். இஸ்திரி போட்ட சட்டை, சந்தன நிறம். எல்லோருக்கும் இடம்விட்டு நாகரிகமாக நின்றான்.

"வணக்கம்க்கா. சாப்டாச்சா?" என்றான்.

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா? இளைச்சுட்டீங்களே." முகம் முழுக்கச் சிரிப்பு. சுற்றிலும் நின்றவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. பாசமுள்ள உறவுக்காரன் குசலம் விசாரிக்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒரு கிழவி அவனைப் பார்த்துப் புன்னகைக்கக்கூடச் செய்தாள்.

"பாப்பாவுக்கு பாஸ்போர்ட் வந்துடுச்சு அண்ணி. போட்டோல உங்கள மாதிரியே இருக்கா. அம்மா ஊர்லேர்ந்து தெனமும் போன் பண்றாங்க, பேத்திய எப்ப அனுப்பற எப்ப அனுப்பறன்னு. நான்தான் பொறுங்கம்மான்னு சொல்லிட்டிருக்கேன்." சிரிப்பு மாறவே இல்லை. "நீங்க போலீஸ்ல சொன்னதையே இன்னிக்கும் சொல்லிட்டா வாரத்துல ரெண்டு நாள் வந்து பாத்துக்கலாம். நான் பொறுப்பு. வேற மாதிரி பேசினீங்கன்னா அப்புறம் பாப்பா எந்த ஊர்ல, யார் வீட்ல இருக்கான்னு நீங்க ஜோசியக்காரங்கிட்டதான் கேக்கணும்."

அவள் சுவரக்காவைப் பார்த்தாள்.

"அக்காவ ஏன் பாக்கறீங்க? அக்கா உள்ள பேசறத மட்டும்தான் சொல்வாங்க. வெளியில கேட்டது வெளியிலயே. அது அவங்க தொழில் தர்மம். சரிதானேக்கா?"

கதவு திறந்தது. "பாத்து வாங்க" என்று அவன் அந்தக் கிழவிக்கு அவள் மொழியில் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

ஒருவருடைய குறையை ஆயுதமாக்குகிறவர்கள் நிறைய. ஒருவருடைய ஒழுக்கத்தை ஆயுதமாக்க அவரை நன்றாக எடைபோட்டிருக்க வேண்டும். அவன் தவறாக எடைபோடவில்லை. கேட்டதைச் சொன்னால் அவர் சாட்சியாகிவிடுவார். சாட்சி மொழிபெயர்க்க முடியாது. அது மட்டுமில்லை, கட்சிக்காரிக்காகப் பேசுகிற மொழிபெயர்ப்பாளர் இதுவரை மொழிபெயர்த்ததில் எதை நம்புவது என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். மூன்று சந்திப்புகளில் அவள் தரையைப் பார்த்துச் சொன்ன உண்மை முழுவதும் மையோடு கரைந்துவிடும். சொல்லாமலிருந்தால் அவளே தன் வாயால் அதை அழித்துவிடுவாள். எந்த வழியில் போனாலும் குழந்தை அதே வீட்டில்தான் இருக்கிறது.

விசாரணைக்கு முன் வக்கீல் ஒரு சிறிய அறையில் அவளோடு உட்கார்ந்தார். நாற்காலி தோளுக்குப் பின்னால் போடப்பட்டது. "பயப்படாதீர்கள். அன்று சொன்னதையே சொல்லுங்கள்" என்றார் வக்கீல்.

"நான் கோவத்துல சொல்லிட்டேங்க. போலீஸ்ல சொன்னதுதான் சரி."

அது அப்படியே போய்ச் சேர்ந்தது. வக்கீல் அவள் முகத்தையே பார்த்தார். "ஏதாவது நடந்ததா? யாராவது மிரட்டினார்களா?"

"ஒண்ணும் இல்லைங்க."

"ஒன்றும் இல்லை" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. குரலில் மாற்றமில்லை.

வக்கீல் கண்ணை உயர்த்தி, கட்சிக்காரியைத் தாண்டிப் பார்த்தார். கேட்கக் கூடாத கேள்வி என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டார். "நீங்கள் ஏதாவது கேட்டீர்களா?"

சுவரக்கா அந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னார். "வக்கீலம்மா என்னைக் கேக்கறாங்க, நான் ஏதாவது கேட்டேனான்னு."

அவள் திரும்பவில்லை. மேசை மறைவில் அவள் கை பின்பக்கமாக நீண்டு, அவருடைய புடவை முந்தியைப் பிடித்தது. பிடித்து ஒருமுறை இழுத்தது. பேச்சில்லை, அதனால் மொழிபெயர்க்க எதுவுமில்லை.

"வெளியில் கேட்பதைப் பற்றி நான் பேசுவதில்லை" என்று அவர் வக்கீலுக்குச் சொன்னார். சொன்னதைத் தமிழிலும் சொன்னார். கை விட்டது.

நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் தமிழுக்கு அவர் ஒருவர்தான். அதனால் அங்கேயும் அவரே நிற்க வேண்டும் என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டிருந்தது. உறுதிமொழி எடுத்தார். நீதிபதி பொறுமைக்காரர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போடுகிறவர். கணவன் முதல் வரிசையில் குனிந்த தலையோடு. பக்கத்தில் கொழுந்தன், கால்மேல் கால் போடாமல், பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல.

"காவல் நிலையத்தில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள், மனுவில் வேறொன்று. கணவர் உங்களை அடித்தாரா, இல்லையா? இந்தப் பதிலை வைத்துத்தான் குழந்தையைப் பற்றி இன்று முடிவெடுக்கப் போகிறேன்" என்றார் நீதிபதி. அது தமிழில் அவளை அடைந்தது, ஒரு சொல் கூடாமல், குறையாமல்.

அவள் சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இல்லைங்க. போலீஸ்ல சொன்னதுதான் உண்மை. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். பாப்பா அவங்ககிட்டயே இருக்கட்டும். வாரத்துல ரெண்டு நாள் பாத்தாப் போதும்."

எல்லோரும் சுவரக்காவைப் பார்த்தார்கள்.

அவர் வாய் திறக்கவில்லை. தட்டச்சு செய்கிறவரின் விரல்கள் விசைகளின் மேல் காத்திருந்தன. கொழுந்தன் தலையை லேசாகச் சாய்த்தான், சொல்லுங்கள் என்பதுபோல. நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"பதில் என்ன?"

"இந்த வழக்கிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன்."

"உடம்பு சரியில்லையா?"

"நன்றாக இருக்கிறேன்."

"அவர் சொன்னது புரியவில்லையா?"

"புரிந்தது."

"பிறகு என்ன காரணம்?"

"சொல்வதற்கில்லை."

நீதிபதி எச்சரித்தார். பாதி விசாரணையில் காரணமில்லாமல் விலகினால் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும், இனி எந்த நீதிமன்றத்திலும் நிற்க முடியாது என்றார். தெரியும் என்றார் அவர். கொழுந்தன் எழுந்தான். பணிவாகக் கைகட்டி, தனக்கு இரண்டு மொழியும் தெரியும், அண்ணி சொன்னதை வரி பிசகாமல் தான் சொல்லத் தயார் என்றான். வக்கீல் மூட்டுவலியை மறந்து எழுந்துவிட்டார். ஒரு தரப்பின் உறவினர் பேச முடியாது என்று நீதிபதி அவனை உட்காரச் சொன்னார். மொழிபெயர்க்கப்படாத பதிலைப் பதிவு செய்ய முடியாது. வேறு ஊரிலிருந்து ஆள் வரவழைக்க வேண்டும். வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. அதுவரை குழந்தை இருக்கும் இடத்திலேயே இருக்கலாம் என்றார் நீதிபதி. குழந்தையின் பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவிட வேண்டும் என்று, இப்படிப்பட்ட வழக்குகளை நிறையப் பார்த்த வக்கீல் அங்கேயே கேட்டார். தனி மனுவாகக் கொடுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஒரு வாரத்தில் எத்தனையோ விமானங்கள் கிளம்பும்.

வெளியே தாழ்வாரத்தில் அந்தப் பெண் ஓடிவந்து அவர் வழியை மறித்தாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? நான் சொன்னதச் சொல்ல வேண்டியதுதானே? உங்க வேல அதுதானே? ரெண்டு நாளாவது பாத்திருப்பேனே. இப்ப அதுவும் போச்சே. இனி அவங்க சும்மா இருப்பாங்களா? என் பிள்ளைய எங்கன்னு போய்த் தேடுவேன்? வாயத் தொறந்து ஏதாவது சொல்லுங்கக்கா. நீங்க எந்தப் பக்கம்க்கா?"

அவர் முழுவதையும் கேட்டார். அறையில் கேட்பதைப் போலவே, இடைமறிக்காமல்.

வக்கீல் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. "என்ன சொல்கிறாள்? எனக்குச் சொல்லுங்கள், என்ன சொல்கிறாள்?"

"நான் விலகிவிட்டேன்" என்றார் அவர், வக்கீலின் மொழியில்.

அவள் தமிழில் அழுதாள். வக்கீல் அவள் தோளைத் தொட்டு, அவளுக்குப் புரியாத மொழியில் ஆறுதல் சொன்னார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் யாரும் இல்லை.

பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அலுவலகத்தாலும் வைத்துக்கொள்ள முடியவில்லை. கொஞ்ச காலம் கழித்து அவர் ஆஸ்பத்திரிச் சலவையறையில் வேலைக்குச் சேர்ந்தார். அவள் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். அவளைக் கைவிட்டார் என்று சிலர். பொய்யைத் தன் வாயால் சொல்ல அஞ்சினார் என்று சொல்லிப் பார்க்கலாம். வெகு காலமாக எத்தனையோ பேருடைய பொய்யை வரி விடாமல் சொன்னவர் அவர், அதனால் அதுவும் நிற்காது. துணிச்சல் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. அடுத்த வாரம் என்ன ஆகும் என்று அன்று அவருக்கும் தெரியாது.

வக்கீல் இரண்டு முறை வீட்டுக்கே வந்து காரணம் கேட்டார். கணவர் பல நாள் கேட்டார், கடைசியில் கெஞ்சியும் கேட்டார். "அந்தப் பொண்ணுக்காவது ஒரு வார்த்த சொல்லேன்டி" என்றார்.

அவர் யாருக்கும் சொல்லவில்லை.